கௌரி, மூணாவது நெரை

—அப்ப, அந்த மனுசி திருப்பி ஒரு சொல்லும் சொல்லேல்லையோ?

—சொல்லலீங்களே தொரை. "சரிங்கய்யா"ன்னுட்டு, தலைய குனிஞ்சுக்கிட்டு மூணாவது தேயிலை நெரைக்குப் போயிட்டாங்க.

—கொழும்பில இருந்து வந்து ஓட்டலில தங்கியிருக்கிற அம்மா. தேயிலைக்குள்ள நிண்டு படம் எடுக்க வந்தவ. அவவைக் கொழுந்து எடுக்க வந்த வேலையாள் எண்டு நினைச்சு ஏசியிருக்கிறியள்.

—ஏசலீங்க. பொதுவா சொன்னேன்.

—என்னெண்டு சொன்னனீங்கள்?

—"கையா அது, கரண்டியா? முத்தின எலையெல்லாம் வாரிப் போடுற"ன்னேன். அது ஏச்சுல சேராதுங்க. எங்க மலையில அது காலை வணக்கம் மாதிரி.

—பொறுங்கோ, பொறுங்கோ. முதல்ல இருங்கோ. அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ.

—அய்யோ, வேணாங்க. நின்னுக்கிறேன்.

—நான் தொரை இல்லைக் கண்டியளோ.

—தெரியுங்க. இப்பல்லாம் மேனேஜர்னுதான் சொல்லணும்னு யூனியன் கூட்டத்துல சொல்லிக்குடுத்தாங்க. வாயிதான் பழகல. மன்னிச்சுக்குங்க தொரை.

—அதில்லை. நான் சொல்ல வந்தது என்னெண்டா...

—புது தொரை வந்துட்டாரு, தங்கமான ஆளுன்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிட்டாங்க. நான் நம்பல. இப்ப நம்புறேன். பத்தொம்பது வருசத்துல என்னையப் பாத்து "இரு"ன்னு சொன்ன மொத தொரை நீங்கதான். எங்களுக்கெல்லாம் அந்த ஜன்னலுக்கு வெளியதான் பேச்சு. தலைத்துண்ட கழட்டிட்டு, மழைன்னா மழையில நின்னுக்கிட்டு. இந்த ரூமுக்குள்ள என் காலு படுறது இன்னிக்குத்தான்.

—வராந்தாவில நனைஞ்சுகொண்டு நிண்டியள். அதுதான் உள்ளுக்கு வாங்கோ எண்டனான். வேற ஒண்டுமில்லை.

—அதத்தான் நானும் சொல்றேன். தொரைக்கு எந்த ஊருங்க? பேச்சு யாழ்ப்பாணம் மாதிரி இருக்கே.

—ஓம், கொக்குவில். இப்ப அட்டனில ஒரு அறை எடுத்து இருக்கிறன்.

—அட்டன்லயா? ஓகோ, புது பங்களாவுக்கு இன்னும் பெயிண்டு அடிச்சு முடிக்கல. அதானே.

—உங்கட பேரென்ன?

—கந்தப்பன்ங்க. ஏழாம் நம்பர் மலைக்கு கங்காணி. ஆக்டிங். மூணு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரமாக்குவாங்க. இந்த முப்பதாந்தேதியோட மூணு மாசம் முடியுது. அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு. கிளாக்கர் ஜீவராஜ் ஐயா ஆளனுப்பினாரு, "அந்தம்மா விசயமா ஆபீசுக்கு வா, வந்து வராந்தாவுல நில்லு"ன்னு. தின்ன ரொட்டிய அப்படியே வச்சுட்டு ஓடியாந்தேன் தொரை.

—கங்காணி வேலை போனால் என்ன செய்வியள்?

—பழையபடி கவ்வாத்துதான். கத்தியோட செரிவுல நின்னு தேயிலைய வெட்டணும். பத்தொம்பது வருசம் வெட்டினேன். ரெண்டு முட்டியும் போச்சு. டிக்கோயா ஆஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாத்துட்டு, இனி செரிவுல நிக்காதன்னு சொல்லிட்டாங்க. இந்த வேலைக்கு நடந்தா போதும், கத்துனா போதும். அதுக்குத்தான் தொரை இவ்வளவு தூரம் கெஞ்சுறேன்.

—நீங்கள் இன்னும் கெஞ்சேல்லையே.

—இனிமேதாங்க.

—சரி, அது கிடக்கட்டும். எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஓட்டலுக்கு வாற ஆக்களுக்கு எண்டு தனி உடுப்பு இருக்காமே. அதைப் பாத்தே கண்டுபிடிச்சிருக்கலாமெல்லோ?

—இருக்குங்க. மேல, முந்தி தொரைமாரு இருந்த பங்களாதான் இப்ப ஓட்டலு. வர்றவங்களுக்கு செவப்புச் சீலை, ஒட்டுற மூக்குத்தி, பெரம்புக் கூடை. எங்க பொம்பளைங்க டீ சர்ட்டு, கிரிக்கட்டுத் தொப்பி, தோள்ல உரச்சாக்குன்னு வேல செய்யிறாங்க. வெருந்தாளிங்க அதப் பாத்துட்டு, "இவங்க அசல் இல்லையே"ன்னு மொகத்த சுளிக்கிறாங்க. அதனால ஓட்டல்காரன் வெருந்தாளிங்களையே அசலாக்கி அனுப்பிடுறான்.

—அப்ப செவப்புச் சீலை தெரிஞ்சிருக்குமே?

—மழைங்க தொரை. மழை புடிச்சா எல்லாரும் உச்சந்தலையிலேர்ந்து முட்டி வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சீட்டு போத்திக்குவாங்க. இடுப்பச் சுத்தி படங்குச் சாக்கு. அதுக்குள்ள இருக்கிறது ராசாத்தியா ராக்காயியான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். கைடுகாரன் அந்தம்மாவுக்கும் ஒரு சீட்ட போத்திவிட்டுட்டு, கொடை எடுத்துட்டு வர்றேன்னு வேனுக்குப் போயிருக்கான். மூடுபனி எறங்கிருச்சு. எந்த நெரையில விட்டோம்னு தெரியாம மூணு மணி நேரம் மலையச் சுத்தியிருக்கான்.

—நீங்கள் ஆரெண்டு நினைச்சனீங்கள்?

—அன்னிக்குன்னு பாத்து, கீழ் டிவிசன்லேர்ந்து லோஜினின்னு ஒரு புது புள்ளைய அனுப்புறேன்னு, கங்காணிகளுக்கு மேல இருக்கிற கண்டாக்கையா சொல்லியிருந்தாரு. நான் அத முன்ன பின்ன பாத்ததில்ல. பனிக்குள்ள ஒரு ஆளு கூடையோட தெகச்சு நிக்கிது. நான் யாருன்னு நெனப்பேன்?

—கண்ணாடி போட்டிருந்தவவாம்.

—இப்ப லயத்துல பாதிப்பேரு போடுறாங்க தொரை. செல்போனப் பாத்துப் பாத்து.

—பேரைக் கேட்டனீங்களோ?

—கேட்டேன். "ஐ ஆம்"னு என்னமோ ஆரம்பிச்சாங்க. "பேர மட்டும் சொல்லு, வரலாறு வேணாம்"னேன். "கௌரி"ன்னாங்க. லோஜினி வரல, கௌரிய அனுப்பிட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். "கௌரி, மூணாவது நெரை"ன்னேன். அவ்வளவுதான், போயிட்டாங்க.

—அவ்வளவும்தானோ?

—அவ்வளவுந்தான். முழுப்பேரு சிவகௌரியாம். கொழும்புல பெரிய கம்பெனி ஒண்ணுல நானூறு பேருக்கு மேல அதிகாரமாம். பெறகுதான் கைடுகாரன் சொன்னான். அந்தம்மா லிப்டுக்குள்ள வந்தா, உள்ள இருக்கிறவங்க எறங்கி படியில நடந்து போவாங்களாம்.

—அப்பிடிப்பட்ட ஆள். மூண்டு மணித்தியாலம். அட்டை கடிச்சிருக்கும், கை கிழிஞ்சிருக்கும். "தம்பி, நான் இன்னார்" எண்டு நாலு சொல்லு. ஏன் வாய் வரேல்லை? இதுதான் எனக்குத் தலையைக் குடையுது.

—எனக்கும் அதாங்க. அட்டை கடிச்சுது. கால ஒதறிக்கிட்டு என்னையப் பாத்தாங்க. "கால்ல அட்டை இருந்தா கைக்கு என்ன? கை சும்மாத்தானே இருக்கு"ன்னேன். ஒடனே எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. இப்ப நெனச்சா ஒடம்பு நடுங்குது.

—அப்ப நடுங்கேல்லை.

—அப்ப எதுக்குங்க நடுங்கணும்? கையில நீளக்குடை, கால்ல பூட்ஸ், தலையில இந்தத் தொப்பி. இதெல்லாம் போட்டுக்கிட்டா எனக்கு வேற தொண்டை வந்துருது தொரை. நான் கவ்வாத்துல இருந்தப்ப ஊமையன்னுதான் என்னைய கூப்புடுவாங்க. கங்காணி ஏசினா, சிரிச்சுக்கிட்டே நிப்பேன். என் சம்சாரத்துக்கே நான் மூணு வார்த்த சேந்தாப்புல பேசி கேட்டதில்ல.

—உங்கட மனுசியும் கொழுந்து எடுக்கிறவவோ?

—ஆமாங்க, ராக்காயி. என் கீழதான். மலையில நான் அவள பேர் சொல்லி கூப்புடுறதில்ல. செக்ரோல் நம்பர்தான், சம்பளப் பதிவேட்டுல இருக்கிறது. "நாப்பத்தேழு, பின்னால விட்டுட்டுப் போறியே"ம்பேன். அவளும் "சரிங்கய்யா"ம்பா.

—வீட்டிலயும் அப்பிடியோ?

—ஒரே ஒரு நாளு. பூட்ஸ கழட்ட மறந்து உள்ள போயிட்டேன். "நாப்பத்தேழு, சோறு போடு"ன்னு வாயில வந்துருச்சு. கதவச் சாத்திட்டா தொரை. என்னைய வெளிய வச்சு. பூட்ஸ கழட்டிட்டு, "ராக்காயி"ன்னு மெதுவா கூப்புட்டப்புறந்தான் தொறந்தா. "அந்தாளு போயிட்டாரா?"ன்னு வேற கேட்டா.

—ஆகா! இது நல்லாயிருக்கு. அந்தாளு போயிட்டாராமோ... சரி, மனுசி அந்த அம்மாவோட கதைச்சவவோ?

—பக்கத்து நெரைதானே. அந்தம்மா கிட்ட வந்து, ரகசியமா, "அவர் கோவிச்சுக்குவாரா?"ன்னு கேட்டாங்களாம். என்னையத்தான்! இவ, "அவரு கோவிச்சா கோவிச்சுக்கிட்டுப் போறாரு, நீ வெரல மொட்டுக்குக் கீழ கொண்டு போ"ன்னு சொல்லிக்குடுத்திருக்கா. பத்து மணிக்கு தேத்தண்ணி வந்துச்சு. ராக்காயி ஒரு துண்டு ரொட்டி குடுத்தா. அந்தம்மா எனக்கு முதுகக் காட்டி குந்திக்கிட்டு, அவசர அவசரமா தின்னாங்க. புதுசா வர்ற ஆளுங்க அப்படித்தான் தின்பாங்க. யாரும் சொல்லிக்குடுக்கல தொரை, அவங்களா அப்படி குந்திக்கிட்டாங்க.

—அப்ப அது கூடைக்குள்ளயே இருக்கோ?

—எதுங்க?

—பயம். கூடையைத் தலையில மாட்டின உடன, பயமும் சேந்து கொழுவுதோ எண்டு யோசிக்கிறன். இந்த மணி என்ன மணி? மேசையில கிடக்கிறது.

—அதுங்களா? வெளிய ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கேன். பழைய தொரை அத அமத்துவாரு. அமத்துனா ஆளு ஓடியாருவாங்க.

—அமத்திப் பாப்பமோ?

—தொரை விருப்பம்.

—...என்ன, துள்ளுறீர்? நீர்தானே முன்னாலயே நிக்கிறீர்?

—காலு அதுவா துள்ளிருச்சுங்க. சொல்லுங்க தொரை.

—ஒண்டுமில்லை. சும்மா அமத்தினனான். ஒருத்தரும் வரேல்லை.

—ஆபீசு ஆளுக சாப்பாட்டுக்குப் போயிருப்பாங்க. நான் வேணா ஓடிப்போயி தேத்தண்ணி கொண்டாறவா?

—வேண்டாம், நில்லும். இந்தக் கதிரை சுத்துது என்ன?

—ஆமாங்க. பழைய தொரைக்கு கோவம் வந்தா அந்தச் செவுத்துப் பக்கம் சுத்திக்குவாரு. நாங்க அவரு முதுகுகிட்ட பேசிட்டுப் போவோம்.

—முதுகு என்ன சொல்லும்?

—ஒண்ணும் சொல்லாதுங்க. அதான் பயம்.

—ம். சொகுசாத்தான் இருக்கு. சரி, கந்தப்பன், கொழுந்து நிறுக்கேக்க என்ன நடந்தது? ஒளிக்காமச் சொல்லும்.

—தொரை கையெல்லாம் மையா இருக்குங்களே. தண்ணி மொண்டாறவா?

—வேலை செய்யிற கை அப்பிடித்தான் இருக்கும். நீர் கதையை மாத்தாதையும்.

—இல்லீங்க. மத்தியானம் எல்லாரும் தராசுக்கு வரிசையா நின்னாங்க. அந்தம்மாவும் நின்னாங்க. ஒருத்தி முன்னால பூந்துக்கப் பாத்தா. அந்தம்மா, "வரிசையில வாங்க"ன்னுகூட சொல்லல, ஒதுங்கி எடம் விட்டாங்க. தராசுல போட்டா அஞ்சு கிலோ. அதுல பாதி முத்தின எல. தள்ளிவிட்டேன். "இப்படி எடுத்தா அரைப்பேருதான் போடுவேன்"னேன். அரைப்பேருன்னா பாதி நாள் கணக்கு. அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா?

—என்ன?

—"நாளைக்கு ஒழுங்கா எடுக்கிறேன்யா. இன்னிக்கு மட்டும் மன்னிச்சிருங்க."

—விசர்க் கதை! நாளைக்கோ?

—நாளைக்குன்னாங்க தொரை. கண்ணுல தண்ணி. அரைப்பேருக்கு அழுவுறாங்க. அந்தம்மா கையில கட்டியிருந்த மணிக்கூட்ட வித்தா எங்க லயத்துக்கே புதுக்கூரை போடலாமாம். அத அவங்களே மறந்துட்டாங்க. அந்த நேரத்துலதான் கைடுகாரனும் ஓட்டல் மேனேஜரும் ரெண்டு பொலிசுக்காரங்களும் ஓடியாந்தாங்க. கைடுகாரன் வரிசையப் பாத்து, "மேடம்! மேடம்!"னு கத்துறான். யாரும் திரும்பல.

—அவவும் திரும்பேல்லையோ?

—திரும்பலீங்க. அவங்க கண்ணு தராசு மேல. நான்தான், "கௌரி, கூடைய எடுத்துக்கிட்டு அந்தாண்ட போ"ன்னேன். "இந்தா போறேன், ஐயா"ன்னு திரும்புனாங்க. அப்பத்தான் கைடுகாரன் அவங்க மொகத்தப் பாத்தான்.

—மேடம் எண்டால் காது கேக்கேல்லை. கௌரி எண்டால் கேக்குது. மூண்டு மணித்தியாலத்தில.

—அத்தன வருசத்து மேடம் மூணு மணி நேரத்துல கழண்டு போச்சு தொரை.

—பேந்து என்ன நடந்தது?

—வேனுக்கு கூட்டிட்டுப் போனாங்க. பிளாஸ்டிக் சீட்ட உருவினாங்க. இடுப்புல இருந்த படங்குச் சாக்க அவுத்தாங்க. ஒரு வெள்ளக் கோட்டு மாதிரி என்னமோ போட்டுவிட்டாங்க. செருப்ப மாட்டிவிட்டாங்க. மாட்ட மாட்ட, அந்தம்மா கொஞ்சங் கொஞ்சமா நிமுந்தாங்க. முதுகு, பெறகு கழுத்து, பெறகு மூக்கு. கடைசியா கறுப்புக் கண்ணாடி. போட்டுக்கிட்டு, வேன் கண்ணாடிய எறக்கி, என்னையப் பாத்து வெரல நீட்டி, "யார் அந்த ஆள்? பெயர் என்ன?"ன்னு கைடுகாரன்கிட்ட கேட்டாங்க. கந்தப்பன்னு சொன்னான். கண்ணாடிய ஏத்திட்டாங்க. அப்ப புடிச்ச பயந்தாங்க இது. தொரை, அவங்க என்ன எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொல்லிருங்க.

—அதை நான் இன்னும் பாக்கேல்லை.

—பாக்கலன்னா... இன்னும் முடிவு பண்ணல. அப்ப இன்னும் எடம் இருக்கு.

—உமக்கு ஒரு கேள்வி. அந்த மூண்டு மணித்தியாலமும், ஒருக்காலாவது உமக்குச் சந்தேகம் வரேல்லையோ? உண்மையைச் சொல்லும்.

—...ஒரு தரம் வந்துச்சுங்க.

—எப்ப?

—அட்டைய எடுக்கக் குனிஞ்சாங்க. சீட்டு வெலகுச்சு. கால்ல கெண்டைக்கால் வரைக்கும் வெள்ளச் சாக்ஸ், அதுக்கு மேலதான் அட்டை. அட்டை ஏறாம இருக்கன்னு ஓட்டல்ல குடுக்குற சாக்ஸ். எங்க ஆளுங்க அத போட மாட்டாங்க.

—அப்ப தெரிஞ்சிருக்கு!

—தெரிஞ்சுதுன்னு சொல்ல முடியாதுங்க. தெரியிற மாதிரி வந்துச்சு. ஆனா அப்பத்தான் கரண்டி கதைய சொல்லி முடிச்சிருக்கேன். பத்து பொம்பளைங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. "அம்மா, மன்னிச்சிருங்க"ன்னு எப்படித் திரும்புறது? தொப்பிய வச்சுக்கிட்டு அது வராதுங்க தொரை. அதான், "கால்ல அட்டை இருந்தா கைக்கு என்ன"ன்னேன். அது அட்டைக்குச் சொன்னதில்ல. எனக்கு நானே சொல்லிக்கிட்டது.

—ஓகோ. அப்ப இது பிழை இல்லை. தெரிஞ்சு செய்த வேலை. நீ அவவைத் தெரிஞ்சுகொண்டு ஏசியிருக்கிறாய்.

—இப்பத்தாங்க மனசு தெம்பாச்சு.

—என்ன?

—நீன்னு கூப்புட்டீங்களே. வந்ததும் நீங்க, நீங்கன்னு கூப்புட்டீங்க. வேல போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். ஒருத்தன வெட்டப்போறப்பத்தான் தொரைமாரு மரியாத குடுப்பாங்க. பெறகு நீருக்கு வந்தீங்க. இப்ப நீ. இனி பயமில்ல.

—வாயைப் பொத்து. நான் என்ன கேக்கிறன், நீ என்ன கதைக்கிறாய்? எனக்கு உன்னைப்போல ஆக்களைத் தெரியும். தொப்பி வைக்கும்வரைக்கும் பூனை, வைச்சாப் புலி. எத்தினை ஒபிசில பாத்திட்டன். கையில பையோட போனால், "பின்பக்கத்தால வாங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ, அதைத் தொடாதையுங்கோ." மூஞ்சையைக்கூட பாக்க மாட்டினம்.

—தொரையயா அப்படிச் சொன்னாங்க?

—...முந்தி. அது முந்தி.

—யாருன்னு தெரியாம சொல்லியிருப்பாங்க தொரை.

—தெரிஞ்சால் மட்டும்! ஒரு மனுசனை மனுசன் எண்டு தெரிய, அவனுக்கு ஒரு கதிரை வேணுமோ? சொல்லு!

—நான் என்னாங்க சொல்றது. தொரை சுத்திட்டீங்க. மூஞ்சி தெரியல.

—தெரியத் தேவையில்லை. தொப்பியைக் கழட்டு.

—தொரை...

—கழட்டி மேசையில வை.

—வச்சிட்டேங்க.

—நாளையில இருந்து கவ்வாத்துக்குப் போ.

—தொரை, முட்டி...

—மூண்டு மணித்தியாலம் அவவின்ர கால் மழையில நிண்டது. அப்ப முட்டியைப் பற்றி யோசிச்சனியோ?

—இல்லீங்க. யோசிக்கல. அது தப்புதான். ஆனா அந்தம்மா வேன்ல ஏறிப் போயிட்டாங்க. நான் செரிவுல உருண்டுட்டா என்னையத் தூக்க வேன் வராதுங்க.

—நான் சொன்னது சொன்னதுதான்.

—...சரிங்க தொரை.

—என்ன சரி?

—கவ்வாத்துக்குப் போறேங்க.

—அவ்வளவுதானோ? யூனியனிட்டப் போறன் எண்டு சொல்லேல்லை. எழுத்தில தாங்கோ எண்டு கேக்கேல்லை. டாக்குத்தரின்ர துண்டைக் காட்டேல்லை. அந்த மனுசி ஏன் வாய் திறக்கேல்லை எண்டு ஒரு மணித்தியாலமா நான் மண்டையை உடைக்கிறன். நீயும் அதையே செய்யிறாய். நான் ஆரெண்டுகூட நீ கேக்கேல்லையேடா!

—அந்த நாற்காலியில ஒக்காந்திருக்கிறவங்கள யாருன்னு கேக்குறதாங்க? அப்புறம் நாற்காலி எதுக்கு?

—என்ன தம்பி, பிரிண்டர் இன்னும் வேல செய்யலியா? மை டப்பாவத் தொறந்து பரப்பி வச்சுட்டு, தொரை நாற்காலியில சாஞ்சுக்கிட்டு இருக்கீங்க!

—கிளாக்கரய்யா...

—அட, கந்தப்பன்! ஒன்ன வராந்தாவுலதானே நிக்கச் சொன்னேன்? உள்ள யாரு விட்டது?

—தொரைதாங்கய்யா கூப்புட்டாங்க.

—எந்தத் தொரை? புது தொரை இன்னும் எஸ்டேட்டுக்குள்ள காலே வைக்கல. பொகவந்தலாவ ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குன்னு அங்கிட்டே நிக்கிறாரு. இவரு அட்டன் கடையிலேர்ந்து பிரிண்டர் திருத்த வந்த தம்பி. செந்தூரன்.

—பிரிண்டருங்களா?

—ஒன் லெட்டர அடிக்கத்தான்யா இவரக் கூப்புட்டதே! அந்தம்மா தொரைக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் பேசியிருக்காங்க. இருவது வருசமா அவங்க செய்யிறத தப்புன்னு ஒருத்தனும் மொகத்துக்கு நேரா சொன்னதில்லையாம். நீதான் மொத ஆளாம். ஆபீசுல எல்லாரும் ஆமா ஆமான்னே தலையாட்டுறாங்களாம். ஓட்டல்காரனும் புடிச்சுக்கிட்டான். அடுத்த மாசத்துலேர்ந்து வெருந்தாளிங்களுக்கு அரை நாள் வேலையாம், கங்காணி ஏச்சும் சேத்து. தமிழ் தெரியாதவங்களுக்கு ஏச்ச மொழிபேத்துச் சொல்ல ஒரு ஆளும் போடுறாங்களாம். ஒன்ன நிரந்தரமாக்கச் சொல்லி தொரை போன்லயே சொல்லிட்டாரு.

—அப்ப கவ்வாத்து?

—என்ன கவ்வாத்து?

—இவங்க என்னைய நாளைக்கு கவ்வாத்துக்குப் போகச் சொல்லிட்டாங்களே. தொப்பியும் வாங்கி வச்சிட்டாங்க.

—இவரா? நல்ல கூத்து! தம்பி, எந்திரிங்க மொதல்ல. மெசினப் பூட்டி, அந்த லெட்டர அடிச்சுக் குடுத்துட்டு, பின்பக்கத்தால கெளம்புங்க.

—ஜீவராஜ்.

—என்ன?

—கதவைத் தட்டினனீரோ?

—என்னது?

—நான் ஒரு ஆளோட கதைச்சுக்கொண்டிருக்கிறன். நீர் பாட்டுக்கு உள்ளட்டு வாறீர். வெளியில போம். கதவைச் சாத்தும். தட்டிப்போட்டு வாரும்.

—தம்பி, வெளையாடுறீங்களா? நான் இருவத்தாறு வருசமா இந்த ஆபீசுல...

—கதவு, ஜீவராஜ்.

—தொரை! கிளாக்கரய்யா நெசமாவே வெளிய போறாருங்க! கதவையும் சாத்திட்டாரு!

—ம்.

—அப்ப எனக்கு என்னாங்க தொரை? கங்காணியா, கவ்வாத்தா?

—பொறு. கடிதத்தைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன். அங்க, கதவு தட்டுப்படுது.

—உள்ள வரலாங்களா, தொரை?